மௌனத்துக்குப் பச்சை நிறம் கொடுத்தது யார்?

போன லீவில் வீட்டுக்குப் போயிருந்தபோது பெரியம்மா மகன் அண்ணனும் கொழும்பிலிருந்து வந்திருந்தார். அங்கே ஒரு கம்பனியில் இரவு ஷிப்ட். என்ன வேலை என்று தோட்டத்தில் யார் கேட்டாலும் "கொம்பியூட்டர் வேலைதான்" என்று முடித்துவிடுவார். நான் விடவில்லை. "பெரிய ஸ்கிரீன்ல பச்சையப் பாத்துக்கிட்டு இருக்கிறதுதான் தம்பி வேலை. பச்சை சிவப்பாச்சுன்னா யாரையாவது போன் போட்டு எழுப்பணும்" என்றார்.

மூன்று நாளாக விடாத மழை. பஸ் இல்லை. வேறு பொழுதுபோக்கும் இல்லை. தன் லேப்டொப்பில் அந்தச் சமாச்சாரத்தைப் போட்டே காட்டினார். நான் பேராதனைக் கலைப்பீடத்தில் படிக்கிறவன். கொம்பியூட்டர் என்றால் டியூட்டோரியல் டைப் பண்ணுவதும் படம் பார்ப்பதும்தான். ஆனாலும் அன்றைக்கு நான் டைப் பண்ணிய நாலைந்து வரி இன்னும் மண்டையை விட்டுப் போகவில்லை. இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்தது. கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். வங்கி, டெலிபோன் கம்பனி, ஆஸ்பத்திரி எதை எடுத்தாலும் பின்னால் நிறைய சர்வர்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன மென்பொருளைக் குடிவைக்கிறார்கள். அதற்கு ஏஜென்ட் என்று பெயர். மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கு, டிஸ்க்கில் இடம் இருக்கா, எவ்வளவு சூடாகியிருக்கு என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை நடுவில் இருக்கிற ஒரு சர்வருக்குச் சொல்வதுதான் அதன் பிழைப்பு. அண்ணன் காட்டியது சாபிக்ஸ் என்ற மென்பொருள். லாட்வியாவில் அலெக்சேய் விளாடிஷெவ் என்பவர் உருவாக்கியது, 2001இல் வெளியே வந்தது, காசு கொடுக்காமல் யாரும் போட்டுக்கொள்ளலாம்.

அந்த ஏஜென்டுக்கு ஒரு கொன்பிக் பைல் இருக்கிறது. வெறும் எழுத்துதான், நோட்பேடில் திறக்கலாம். 'சர்வர்' என்ற வரியில் யாருடைய கேள்விக்கு இது பதில் சொல்லலாம் என்று எழுத வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாதவர் வந்து கேட்டால் ஏஜென்ட் வாயைத் திறக்காது. இதற்குப் பாசிவ் முறை என்று பெயர்: கேட்டால் மட்டும் சொல்லும். அக்டிவ் முறையும் உண்டு, அதில் ஏஜென்ட் தானாகவே அனுப்பும். ஆனால் 'ஹோஸ்ட்நேம்' என்ற வரியில் உள்ள பெயரும் நடுச் சர்வரில் பதிந்திருக்கிற பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். நான் ஒரு சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக அடித்துவிட்டேன். ஏஜென்ட் ஓடுகிறது, அனுப்புகிறது, சர்வரோ அப்படி ஒரு ஆளே இல்லை என்கிறது. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்க அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், ஈபிஎப்பில் இன்னொரு பெயர். உழைத்த காசை எடுக்கப் போகும்போதெல்லாம் அப்படி ஒரு ஆளே இல்லை என்றுதான் அவருக்கும் பதில் வந்தது.

பெயரைத் திருத்தியதும் ஸ்கிரீனில் என் பழைய லேப்டொப் பச்சையாக வந்து நின்றது. அப்புறம் எல்லை வைக்கச் சொல்லிக் கொடுத்தார். டிஸ்க் எண்பது வீதம் நிரம்பினால் மஞ்சள், தொண்ணூறு என்றால் சிவப்பு, சிவப்பானால் யாருக்கு மெசேஜ், அவர் பத்து நிமிஷத்தில் பார்க்காவிட்டால் அடுத்தது யாருக்கு. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, என் லேப்டொப்பின் வைபையை அணைத்துவிட்டு "இப்ப ஸ்கிரீன்ல என்ன தெரியுது?" என்று கேட்டார். பார்த்தேன். அதே பச்சை. நிமிஷங்கள் போகின்றன, பச்சை மாறவே இல்லை.

"புது டேட்டா வந்தாத்தான் அது எல்லையத் தாண்டிருச்சான்னு கணக்குப் பாக்கும். டேட்டாவே வரலன்னா கடைசியா இருந்த நெலமையிலேயே நிக்கும். நோ டேட்டான்னு தனியா ஒரு ரூல் எழுதணும். அஞ்சு நிமிஷம் சத்தம் இல்லன்னா அதையே ஆபத்துன்னு எடுத்துக்கன்னு நாமதான் சொல்லிக் கொடுக்கணும். எழுதாம விட்டா செத்துப்போன சர்வரும் பச்சையாத்தான் தெரியும் தம்பி."

எனக்கு மீரியபெத்தை ஞாபகம் வந்தது.

மொனிட்டரிங் என்பதற்குத் தமிழில் கண்காணிப்பு என்று எழுதுகிறோம். கங்காணி என்ற சொல்லும் அதே வேரிலிருந்துதான் வந்தது. எங்கள் ஆட்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் புதுசே இல்லை. விடிகாலைப் பெரட்டில் தலை எண்ணுவது, மலையில் நிரை பிடித்துக் கொடுத்துப் பின்னால் நிற்பது, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை கொழுந்து நிறுப்பது, சாக்கின் எடைக்கும் ஈரத்துக்கும் கழிவு வெட்டுவது, சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர் போடுவது. டேட்டா சேகரிப்பு, எல்லை, எச்சரிக்கை எல்லாம் அதில் இருக்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஓடிய, ஒரு நாளும் டவுன் ஆகாத சிஸ்டம். கங்காணி என்ற ஏஜென்ட் எங்களைப் பற்றித் துரைக்குச் சொன்னார். துரையிடமிருந்து எங்களுக்குக் கொண்டுவந்தது கட்டளை மட்டும்தான். கொன்பிக் பைலில் 'சர்வர்' என்ற வரியில் ஒரே ஒரு பெயர்தான் எழுதியிருந்தது.

இப்போது டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. மடுவத்தில் பையைத் தொங்கவிட்டால் கிலோவும் கிராமும் சிவப்பு எழுத்தில் விழும், சில இடங்களில் அட்டையைக் காட்டினால் ஆளின் பெயரோடு பதிவாகும். நல்லதுதான், முன்பு முள்ளைக் கண்ணால் பார்த்து ஏமாற்றிய காலத்தைவிட நல்லது என்று அம்மாவே சொல்கிறார். இதைக் காட்டி 'தோட்டங்கள் டிஜிட்டல் மயமாகின்றன' என்று மகிழ்ந்து எழுதும் நண்பர்களுக்கு என் கேள்வி ஒன்றுதான். பெண்ணின் தலையில் தொங்குகிற கொழுந்தைக் கிராம் கணக்கில் பார்க்கத் தெரிந்த தோட்டத்துக்கு, அவள் படுக்கிற காம்பராவுக்கு மேலே தொங்குகிற மலையைப் பார்க்கத் தெரியாதா?

தெரியாது என்று சொல்ல முடியாது. மழை அளக்காத தேயிலைத் தோட்டம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஒவ்வொரு காலையும் மழைமானியைப் பார்த்து, கந்தோர்ப் புத்தகத்தில் எழுதி வருகிறார்கள். இலங்கை மலைநாட்டின் பழைய மழைக் கணக்குகளில் நிறைய தோட்டங்களில் எடுத்தவைதான். கொழுந்து எப்போது கொழிக்கும், உரம் எப்போது போடலாம், எந்த மலையை எப்போது கவ்வாத்து வெட்டலாம் என்பதற்கு மழைக் கணக்கு வேண்டும். டேட்டா இருந்தது. அது கொழுந்தோடு இணைக்கப்பட்டிருந்தது, லயத்தோடு இணைக்கப்படவில்லை. ஒரே மழை, ஒரே மானி.

அரசாங்கப் பக்கமும் அளவு இல்லாமல் இல்லை. 1986இல் மலைநாட்டில் நடந்த மண்சரிவுகளுக்குப் பிறகுதான் இந்த நாடு இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990இல் மண்சரிவு அபாய வரைபடம் போடத் தொடங்கியபோது முதலில் எடுத்த இரண்டு மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவும். இலங்கையிலேயே முதலில் வரையப்பட்ட மலைகளில் எங்கள் மலைகளும் உண்டு. இன்றைக்குத் தானியங்கி மழைமானிகள் இருக்கின்றன, எல்லைகளும் இருக்கின்றன: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் விழிப்பாக இரு, 100 என்றால் வெளியேற ஆயத்தமாக இரு, 150ஐத் தாண்டினால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால் வெளியேறு. அண்ணனுடைய மஞ்சள், சிவப்பு மாதிரியேதான். மழைமானிதான் ஏஜென்ட், கொழும்பு நடுச் சர்வர்.

ஆகவே "எங்களுக்கு கருவி கொடுங்கள்" என்று மட்டும் கேட்கிற கோரிக்கை எனக்கு ஒத்துவரவில்லை. கருவி வேண்டாம் என்று சொல்லவில்லை. கருவி சொன்ன பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள்.

கொஸ்லாந்தை, மீரியபெத்தை. 2005இல் அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை அகற்றுங்கள் என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொன்னது. 2011இல் மறுபடியும் சொன்னது. சிவப்பு விளக்கு இரண்டு தடவை எரிந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை ஏழரை மணியளவில் மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, வீட்டில் ஆளும் இல்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் வகுப்பில் அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை, டீச்சர் ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காணாமல் போனவர்கள் இருநூறு பேருக்குக் கிட்ட என்று முதலில் செய்தி வந்தது, பிறகு எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. மண்ணுக்குள் எத்தனை பேர் என்பதைக்கூட எண்ணிப் பார்த்து, திருத்தி, மறுபடி எண்ண வேண்டியிருந்தது. அதே ஆட்கள் முந்தின நாள் பறித்த கொழுந்துக்குக் கிலோக் கணக்கு செக்ரோலில் இருந்திருக்கும்.

தப்பியவர்கள் பள்ளிக்கூடங்களிலும், பிறகு மாகல்தெனியாவில் மூடிக்கிடந்த தேயிலை ஃபெக்டரியிலும் இருந்தார்கள். 75 வீடுகள் கைக்கு வந்தது 2016 ஒக்டோபரில். இரண்டு வருஷம்.

அண்ணனுடைய ஸ்கிரீனில் எச்சரிக்கை வந்தால் அதன்மேல் ஒரு பட்டன் உண்டு: 'பார்த்துவிட்டேன்'. யாராவது அழுத்தினால் அவருடைய பெயரும் நேரமும் பதிவாகும். அழுத்தாவிட்டால் எச்சரிக்கை அடுத்த ஆளுக்குப் போகும், அவரும் பார்க்காவிட்டால் மனேஜருக்குப் போகும். இதற்கு எஸ்கலேஷன் என்கிறார்கள். ஒரு வங்கியின் டிஸ்க் நிரம்பினால் பத்து நிமிஷம். மீரியபெத்தைக்கு ஒன்பது வருஷம். அந்த ஒன்பது வருஷத்தில் 'பார்த்துவிட்டேன்' என்ற பட்டனை அழுத்தியது யார், எந்த மேசையில் வைத்து என்று நான் கேட்கிறேன்.

உடனே ஒரு பதில் வரும், அப்போதும் வந்தது: சொன்னோம், அவர்கள்தான் போகவில்லை. நம்ம ஆட்களே சிலர் இதைச் சொல்வார்கள், "சனம் சொல்லிக் கேக்குதா?" என்று. போவது என்றால் எங்கே? 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, லயம் தோட்டத்துடையது. பக்கத்து மேட்டில் நாலு தகரம் அடித்து ஒதுங்கக்கூட அனுமதி வேண்டும். வெளியேறு என்ற கட்டளையைப் பெறுகிறவருக்கு வெளியேறும் அதிகாரம் இருக்க வேண்டும், இல்லையா? அது இல்லாமல் அனுப்புகிற எச்சரிக்கை, அனுப்பியவரைக் காப்பாற்றுவதற்கான எச்சரிக்கை. நாளைக்கு விசாரணை என்று வந்தால் காட்டுவதற்கு ஒரு கடிதம். சம்பளத்தையும் மறக்காதீங்க. நாள் சம்பளக்காரி மழைக்குப் பயந்து பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தால் அன்றைக்கு அவளுக்குப் பேர் இல்லை. மலை இறங்காத நாளில் அவள் செய்தது முட்டாள்தனமாகிவிடும். மலை இறங்காத நாட்கள்தான் அதிகம்.

இதையே வேறு விதமாகச் செய்ய முடியும் என்பதற்கு சாட்சி பதுளை டவுன் பக்கத்திலேயே இருக்கிறது. பதுலுசிறிகம. ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தை ஒட்டிய சரிவு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிற மலை. அங்கே ஜப்பானின் ஜெய்க்கா உதவியோடு கட்டட ஆராய்ச்சி நிறுவனம் துளை போட்டு, மண் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று பார்க்கக் கருவி வைத்தார்கள், நிலத்தடி நீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார்கள், அந்தத் தண்ணீரை வடித்துவிடச் சரிவுக்குள் குழாய் இறக்கினார்கள். நல்ல வேலை. அங்கே படிக்கிற என் பள்ளி நண்பர்கள் இன்றைக்கு நிம்மதியாகப் படுக்கிறார்கள் என்றால் அதற்கு நான் பொறாமைப்பட மாட்டேன். ஆனால் ஒரு சரிவு 'உட்கட்டமைப்பு' ஆவது எப்போது என்று அது எனக்குக் காட்டுகிறது. கட்டடம் இருந்தால், ரோட்டு இருந்தால், பல்கலைக்கழகம் இருந்தால் அது கண்காணிக்க வேண்டிய சொத்து. லயம் அந்தப் பட்டியலில் ஹோஸ்ட்டாகப் பதியப்படவே இல்லை. தனித் தனி வீட்டு விலாசமே இல்லாமல் தோட்டக் கந்தோர் வழியாகக் கடிதம் வாங்கிய சனம் நாங்கள். ஹோஸ்ட்நேம் இல்லாதவனுக்கு எச்சரிக்கையை எங்கே அனுப்புவது?

இப்போது எச்சரிக்கைகள் வருகின்றன, வராமல் இல்லை. ஒவ்வொரு ஒக்டோபர், நவம்பரிலும் போனில் வரும்: ஹல்துமுல்லை, பசறை, எல்ல, லுணுகலை பிரதேச செயலகப் பிரிவுகளுக்கு மஞ்சள், செம்மஞ்சள். ஒரு பிரதேச செயலகப் பிரிவு என்பது எத்தனை தோட்டம், எத்தனை மலை! ஒவ்வொரு மழைக்கும் முழுப் பிரிவுக்கும் மஞ்சள் என்றால் நாலாவது மஞ்சளை யாரும் பார்க்க மாட்டார்கள். அண்ணன் இதைத் தொழில் வியாதி என்கிறார். எல்லையைத் தப்பாக வைத்துவிட்டால் ராத்திரி முழுக்க மெசேஜ் வந்துகொண்டே இருக்கும், கடைசியில் ஆள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்குவான், உண்மையான சிவப்பு அந்த நேரம் பார்த்து வரும். அவர்கள் அதற்குத் தூங்கியவனைக் குற்றம் சொல்வதில்லையாம். கொன்பிக் பைலைத் திறந்து திருத்துவார்களாம்.

2025 நவம்பர் 28, டித்வா. நான் பேராதனையில் மாட்டிக்கொண்டேன். மகாவலி பெருகி, ரயில் பாதை அறுந்து, ரோட்டு அறுந்து, எந்தப் பக்கமும் போக வழியில்லை. நாடு முழுக்க 600 பேருக்கு மேல் போனார்கள், மண்சரிவில் அதிகம் பறிகொடுத்தவை கண்டி, பதுளை, நுவரெலியா. அரசாங்கத்தின் எச்சரிக்கைகள் சமூக ஊடகங்களில் வந்தபோது தமிழ் பிந்தி வந்தது, சிலவற்றில் வரவே இல்லை என்று அந்த நாட்களிலேயே பலர் சத்தம் போட்டார்கள். அதைப் பற்றி நம்ம பக்கத்தில் நிறையப் பேசிவிட்டோம், நான் திரும்பச் சொல்லவில்லை. எனக்கு வேறு ஒன்று உறுத்துகிறது.

கரண்ட் போனது. டவர் போனது. வீட்டுக்கு எடுத்தால் "நீங்கள் அழைத்த இலக்கத்தைத் தற்போது தொடர்புகொள்ள முடியாது" என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் பொறுமையாகச் சொன்னது. ஹொஸ்டலில் இரவு முழுக்க அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தோம், நான் மட்டும் இல்லை, பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும். ஒருவராவது "சத்தம் இல்ல, அப்ப பிரச்சினை இல்ல" என்று சொல்லிவிட்டுப் படுத்தோமா? அம்மாவின் போன் ஓப் என்றால் அதுவே சிவப்பு. எங்களுக்கு யாரும் நோ டேட்டா ரூல் எழுதித் தர வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் நாள் அந்தியில் ஒரு மிஸ்ட் கோல் வந்தது, அம்மா எங்கேயோ மேட்டில் ஏறி நின்று எடுத்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் சாப்பிட்டேன்.

வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இந்த ரூலை நாட்டின் சிஸ்டத்தில் எழுதுவதற்கு என்ன கஷ்டம்? தொடர்பு அறுந்த டிவிஷனை 'தகவல் கிடைக்கவில்லை' என்ற கட்டத்தில் போட்டுவிட்டுத் தகவல் கிடைத்த இடங்களுக்கு முதலில் ஓடுகிறோம். தகவல் சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறவன் ஏற்கெனவே கொஞ்சம் தப்பியவன். மழைமானி 120 மில்லிமீட்டர் காட்டிவிட்டு மௌனமானால் அது 120இலேயே நின்றுவிட்டது என்று அர்த்தமா? கொட்டுகிற மழையில் வாயடைத்துப் போன மானி 150ஐத் தாண்டியதாகத்தான் கணக்கில் வர வேண்டும்.

எங்களை மட்டும்தான் இப்படி விட்டார்கள் என்று நான் அழப் போவதில்லை. தன் வீட்டையே பார்க்காத அரசாங்கம் இது. 2023 ஓகஸ்டில் லங்கா கவர்மென்ட் கிளவுட்டை ரென்சம்வெயார் தாக்கியது. அந்த வருஷம் மே 17இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன, ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள், அமைச்சரவை அலுவலகமும் உட்பட. அந்த மாதங்களுக்கு பேக்கப் இல்லை. ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013, பத்து வருஷப் பழசு. பேக்கப் நடக்கிறதா என்று தினமும் கேட்க ஒரு ரூல், நடக்காவிட்டால் யாரையாவது எழுப்ப ஒரு மெசேஜ், இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும் என்று அண்ணன் தலையில் அடித்துக்கொள்கிறார். அங்கே போனது கடிதங்கள். அதே பழக்கத்தோடு மலையைப் பார்த்தால் போவது ஆட்கள்.

என் கோபம் அரசாங்கத்தோடும் கம்பனியோடும் நிற்கவில்லை. ஒவ்வொரு ஒக்டோபர் 29க்கும் நாங்கள் என்ன செய்கிறோம்? பேஸ்புக்கில் கறுப்புப் படம், மண்ணுக்குள் மலர்ந்த பூக்கள் என்று ஒரு கவிதை, மெழுகுதிரி. நானும் எழுதியிருக்கிறேன், ஏ.எல். படிக்கும்போது. மோசமான கவிதை. அடுத்த நாள் மழை பெய்தது, எங்கள் டிவிஷனின் மழைமானி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. படித்த பிள்ளை, வரிக்கு வரி 'மலையகம்' என்று எழுதுகிற பிள்ளை, தன் வீட்டுக்கு மேலே இருக்கிற மலைக்கு வரைபடத்தில் என்ன நிறம் என்று கேட்டதில்லை. துக்கத்தில் நாங்கள் கெட்டிக்காரர்கள். கொன்பிக் பைலைப் படிப்பது போரிங், அதனால் அதை மற்றவர்கள் எழுதுகிறார்கள்.

ஆகவே தொழிற்சங்கக்காரர்களிடமும் நம்ம வாசகர் வட்டங்களிடமும் கேட்கிறேன், சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்தில் இதையும் எழுதுங்கள். பெரட்டுக் களத்தில் ஒரு பலகை, தமிழில். இந்த டிவிஷனுக்குரிய மழைமானி எது, இன்றைக்குக் காலை எத்தனை மில்லிமீட்டர், எத்தனையானால் எந்த லயம் எங்கே போக வேண்டும். எச்சரிக்கை முதலில் யாருக்குப் போகும், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யாருக்கு, பெயரோடு. அந்தப் பட்டியலில் லயத்தில் படுக்கிற இரண்டு பேராவது இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், ஏனென்றால் பகலில் பிள்ளைக் காம்பராவில் யார் யாருடைய பிள்ளை இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் 'எழும்புங்க' என்றால் துரையிடம் கேட்காமல் எழும்பலாம், எழும்பிய நாளுக்கு முழுப் பேர். மானி பேசாவிட்டால் சிவப்பு. இதில் ஒன்றுக்கும் ஜப்பான் வர வேண்டியதில்லை. ஒரு பலகையும் ஒரு சோக்கும் போதும், மற்றதெல்லாம் யாருக்கு அதிகாரம் என்ற விஷயம். அதனால்தான் கொடுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கருவி கேட்டால் கொடுத்துவிடுவார்கள், திறப்பு விழாவும் வைப்பார்கள்.

லீவு முடிந்து வருவதற்கு முந்தின நாள் எங்கள் தோட்டத்துக் கந்தோருக்குப் போனேன். மழைமானி எங்கே என்று கேட்டேன். பின்பக்கம், செடி வளர்ந்த ஒரு மூலையில் இருந்தது, கிளார்க் ஐயாவே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நல்ல மனுஷன். தினமும் காலையில் பார்ப்பாராம், ஒரு நாளும் தவறவிட்டதில்லையாம், புத்தகத்தையும் திறந்து காட்டினார், அழகான கையெழுத்து, டித்வா நாட்களில்கூடக் கட்டம் காலியாக இல்லை.

"இத எழுதி யாருக்குங்க ஐயா சொல்லுவீங்க?"

"மேல அனுப்புவோம் தம்பி."

"கீழ?"

அவர் ஜன்னல் வழியாக லயங்களைப் பார்த்தார். "கீழ அனுப்பச் சொல்லி யாரும் சொல்லலயே" என்றார்.